எக்ஸ்இ ஃபைலை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு 18,500 ரூபாயை விட்டேன்

மணி இரவு பதினொன்றைத் தாண்டிவிட்டது. கடையைப் பூட்டிவிட்டு வந்து, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். 18,500 ரூபாய். கணக்கு மென்பொருளில் பில்லைத் தானே அடிக்கும் புரோகிராம் ஒன்றுக்குக் கொடுத்த காசு, திரும்பி வராது என்று இன்று மாலைதான் உறுதியாகத் தெரிந்தது. என்னைப் போல கடை வைத்திருப்பவர்கள், சின்ன ஆபீஸ் நடத்துபவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எப்படி வாங்கினால் ஏமாறாமல் இருக்கலாம் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

மதுரை கீழமாசி வீதியில் எங்களுக்கு மளிகை மொத்த வியாபாரம். அப்பா காலத்துக் கடை. மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள்தான் எங்கள் வாடிக்கை. பில் போடுவது ஒரு பழைய மென்பொருளில், ஆடிட்டருக்குக் கொடுக்கும் கணக்கு இன்னொரு மென்பொருளில். இரண்டுக்கும் ஒட்டு உறவு கிடையாது. ஒரு நாளைக்கு 150 பில் என்றால், அந்த 150-ஐயும் ராத்திரி உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டும். கணக்கு பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போன பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது.

அப்போதுதான் மௌஸையும் கீபோர்டையும் தானே இயக்கும் புரோகிராம் உண்டு என்று கேள்விப்பட்டேன். திரையில் இருக்கும் பட்டனின் சின்னப் படத்தைப் புரோகிராமிடம் கொடுத்து வைத்தால், அது திரையில் அதே படம் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அங்கே போய் அமுக்கும். பைதான் என்ற புரோகிராம் மொழியில், பைஆட்டோஜியுஐ என்ற இலவச நூலகத்தை (ஆயத்தமாக எழுதி வைத்த புரோகிராம் தொகுப்பை) வைத்தே இதைச் செய்துவிடலாம். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று தெரியாது.

வேலை செய்து தருபவர்களையும் வேலை கொடுப்பவர்களையும் சேர்த்து வைக்கும் ஒரு இணையதளத்தில் ஆள் பிடித்தேன். தளத்தின் பெயரையும் ஆளின் பெயரையும் இங்கே போடவில்லை. பேசிய முதல் நிமிஷமே, "அண்ணே, நானும் நம்ம பக்கம்தான். உசிலம்பட்டி. உங்க தெருவுக்கு எங்க அப்பா கூட சரக்கு எடுக்க வந்திருக்கேன்" என்றார். எனக்கு அதிலேயே பாதி மனசு இளகிவிட்டது. விலை பேசினேன். 22,000 என்று ஆரம்பித்து 18,500-க்கு இறங்கினார்.

பத்தாவது நாள் வீடியோ காலில் தன் லேப்டாப் திரையைக் காட்டினார். கடையில் அப்பாவும் நானும் ஒரே ஸ்டூலில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தோம். அவர் கையை மேஜைக்கு மேலே தூக்கிக் காட்டினார். மௌஸ் அம்பு தானாக நகர்ந்தது. புது பில் பட்டனை அமுக்கியது. துவரம் பருப்பு, மிளகாய் வற்றல் என்று ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஏழு பில்லை இரண்டு நிமிஷத்தில் போட்டு முடித்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு, "ஏப்பா, இனிமே நீ நேரத்துக்கு வீட்டுக்குப் போயிருவேல்ல?" என்று கேட்டார். அந்த வார்த்தைதான் என்னை விழ வைத்தது. அந்த லேப்டாப் திரையின் மேல் ஓரத்தில் எந்தக் கடையின் பெயர் இருந்தது என்றுகூட நான் பார்க்கவில்லை.

"அண்ணே, ஃபைல் அனுப்பிட்டேன். கம்ப்ளீட் குடுத்துருங்க, எனக்கு ரேட்டிங் ஏறும்" என்றார். தளத்தில் பிடித்து வைத்திருந்த 18,500-ம் நான் அந்தப் பட்டனை அமுக்கினால்தான் அவருக்குப் போகும். அமுக்கிவிட்டேன். எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காமல் அமுக்கினேன்.

அன்று ராத்திரி ஃபைலை டபுள் கிளிக் செய்தேன். ஒரு கறுப்பு ஜன்னல் வந்தது, கண் மூடித் திறப்பதற்குள் மறைந்தது. அவ்வளவுதான். இருபது தடவை அமுக்கியிருப்பேன். இருபது தடவையும் அதே கதை.

மறுநாள் கேட்டால், "ஆன்டிவைரஸ் தடுக்குதுண்ணே, ஆஃப் பண்ணுங்க." பண்ணினேன். கடைக் கணக்கு முழுக்க இருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு நாள் முழுக்கப் பாதுகாப்பை அணைத்து வைத்திருந்தேன், நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அதற்கும் ஓடவில்லை. இரண்டாவதாக ஒரு ஃபைல் வந்தது. அதே கறுப்பு ஜன்னல். "உங்க சிஸ்டம் பழசு." அப்புறம், "பைதான் இன்ஸ்டால் பண்ணுங்க." டபுள் கிளிக் செய்தால் ஓடும் ஒரே எக்ஸ்இ ஃபைலாகக் கட்டிக் கொடுத்த புரோகிராமுக்குத் தனியாகப் பைதான் தேவையே இல்லை, அது உள்ளேயே சேர்ந்து வரும் என்று அன்று எனக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா! மூன்றாவது ஃபைல் வந்தபோது கறுப்பு ஜன்னல் போய், ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. அதை போட்டோ எடுத்து அனுப்பினேன். "என்கிட்ட ஓடுதேண்ணே" என்று ஒரே வரி. அடுத்த நாள், "வந்து பாக்கணும்னா சப்போர்ட் சார்ஜ் 3,000 ஆகும்." அதற்குப் பிறகு மெசேஜைப் பார்த்ததற்கான நீல டிக் மட்டும்தான்.

என் அக்கா மகள் திருப்பரங்குன்றத்தில் இருக்கிறாள், இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரச் சொன்னேன். மூன்றாவது ஃபைலை ஓட்டினேன். பெட்டி வந்தது. வழக்கம்போல ஓகேயை அமுக்கப் போனேன். "மாமா, கைய எடுங்க! ஓகே அமுக்காதீங்க!" என்று கத்தினாள்.

அந்தப் பெட்டி திறந்திருக்கும்போதே விண்டோஸ் தற்காலிக ஃபைல்களைப் போட்டு வைக்கும் டெம்ப் ஃபோல்டருக்குள் போனாள். எம்இஐ என்று ஆரம்பித்துப் பின்னால் எண்களோடு ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஆறு சின்னப் படங்கள். புது பில் பட்டன், சேமி பட்டன், எல்லாம். "படம் எல்லாம் உள்ளயே இருக்கு மாமா. புரோகிராம் வேற எங்கயோ போய்த் தேடுது." பிறகு ஓகேயை அமுக்கினாள். அந்த ஃபோல்டரே காணாமல் போனது.

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். பைஇன்ஸ்டாலர் என்ற கருவியால் பைதான் புரோகிராமை ஒரே ஃபைலாகக் கட்டலாம். கூடவே படங்களையும் உள்ளே வைத்துக் கட்டலாம். ஆனால் ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் அது அந்த மூட்டையைப் புதிதாக ஒரு தற்காலிக ஃபோல்டரில் அவிழ்க்கிறது, முடிந்ததும் அழித்துவிடுகிறது. ஃபோல்டரின் பெயர் தடவைக்குத் தடவை மாறும். எங்கள் தொழிலில் சொன்னால், லாரி தினம் ஒரு குடோனில் சரக்கு இறக்குகிறது, இன்று எந்தக் குடோன் என்று கேட்டுக்கொண்டு போகாத பையன் கடை வாசலிலேயே நின்று மூட்டையைத் தேடுகிறான். கேட்டுக்கொள்ள வழி இருக்கிறது. அவிழ்த்த இடத்தைப் பைஇன்ஸ்டாலர் மெய்பாஸ் என்ற பெயரில் புரோகிராமுக்குச் சொல்லிவிடும். அதை வாங்கிப் படத்தின் பெயருக்கு முன்னால் சேர்த்தால் போதும். நாலைந்து வரி வேலை என்றாள். 18,500 வாங்கியவர் அந்த நாலைந்து வரியை எழுதவில்லை.

முதல் ஃபைல் அதைவிட மோசம். கறுப்பு ஜன்னலைத் தானே திறந்து, அதற்குள்ளிருந்து அந்த ஃபைலை ஓட்டினாள். அப்படி ஓட்டினால் பிழைச்செய்தி மறையாமல் நிற்கும். அதில் படம் தேடிய இடம் தெளிவாக இருந்தது: அந்த ஆளுடைய லேப்டாப்பின் டெஸ்க்டாப் ஃபோல்டர், அவர் பெயரோடு. எங்கள் கம்ப்யூட்டரில் அவர் டெஸ்க்டாப் எப்படி இருக்கும்? வீடியோ காலில் அத்தனை அழகாக ஓடியதற்குக் காரணமே அதுதான். படங்கள் அவர் டெஸ்க்டாப்பில் கிடந்தன. "என்கிட்ட ஓடுதே" என்று அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவரிடம் ஓடுவதற்கா நான் காசு கொடுத்தேன்?

அக்கா மகள் அதோடு விடவில்லை. மறுபடி ஓட்டி, பெட்டி நிற்கும்போதே அந்த ஆறு படங்களையும் பிரதி எடுத்து மூன்றாவது ஃபைல் இருக்கும் இடத்திலேயே வைத்தாள். படம் இல்லை என்ற பிழை போய்விட்டது. அடுத்து, படம் திரையில் கிடைக்கவில்லை என்று நின்றது. அப்பாவுக்குக் கண் தெரிய வேண்டும் என்று நாங்கள் திரை எழுத்தை 125 சதவீதத்தில் வைத்திருக்கிறோம். அந்த ஆள் எடுத்த படங்கள் 100 சதவீதத்தில் எடுத்தவை. புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டுப் பார்க்கும் புரோகிராமுக்கு இரண்டும் வேறு வேறு படம். 100-க்கு மாற்றினாள். இரண்டு பட்டனை அமுக்கிவிட்டு மூன்றாவதில் நின்றது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஓரத்தில் வேறு ஒரு கடையின் பெயர். யாருக்கோ செய்ததை எனக்கும் விற்றிருக்கிறார்! எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. அவளோ பொறுமையாக எங்கள் திரையிலேயே ஆறு படத்தையும் புதிதாக வெட்டி, அதே பெயரில் வைத்தாள்.

ஓடியது. ஐந்து நிமிஷம் சந்தோஷமாக இருந்தோம். எங்கள் கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவானது. அடுத்த கட்டம் திறப்பதற்குள் புரோகிராம் அடித்துக்கொண்டே போனது. தொகை போக வேண்டிய இடத்தில் அளவு, அளவு போக வேண்டிய இடத்தில் தேதி. அவள் மௌஸை இழுத்துத் திரையின் மூலையில் கொண்டுபோய் வைத்துத்தான் நிறுத்தினாள். அதற்குள் 14 பில் கணக்கில் தப்பாக ஏறிவிட்டது. அதை ஒவ்வொன்றாகத் தேடி அழிக்க எனக்கும் அப்பாவுக்கும் ராத்திரி ஒன்பதரை ஆனது. "கொஞ்சம் பொறுத்து அடின்னு கோடுல சொல்லணும் மாமா. கோடு எங்க?" என்றாள். கோடு என்றால் புரோகிராமை எழுதிய மூல வரிகள். அது என்னிடம் இல்லை. எக்ஸ்இ மட்டும்தான் கொடுத்திருந்தார். கேட்டு நாலு மெசேஜ் போட்டேன். நீல டிக்.

தளத்துக்குப் புகார் கொடுத்தேன். பணிவான ஆங்கிலத்தில் மூன்று தடவையும் எழுத்து மாறாமல் ஒரே பதில்: வேலை நிறைவடைந்ததாக நீங்களே ஒப்புக்கொண்டதால் தொகையைத் திருப்பித் தர இயலாது. பிழைச்செய்தியின் போட்டோ, வேறு கடையின் பெயர் இருந்த படம், எல்லாம் இணைத்திருந்தேன். யாராவது திறந்து பார்த்தார்களா என்றே தெரியவில்லை. இன்று மாலை புகாரை மூடிவிட்டதாகத் தகவல் வந்தது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறேன். பார்க்கலாம்.

ஒரு மூட்டை பருப்பு விற்றால் எங்களுக்கு நிற்பது ஐம்பது ரூபாய். 18,500 ரூபாய் என்றால் 370 மூட்டை. அத்தனை மூட்டையும் சுமை தூக்குகிறவர்கள் முதுகில் ஏறி இறங்கியவை. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். கை ஓடவில்லை, சுருக்கமாகப் போடுகிறேன். உங்கள் கம்ப்யூட்டரில், உங்கள் கையால், ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்க்காமல் கம்ப்ளீட் பட்டனைத் தொடாதீர்கள். அவர்கள் லேப்டாப்பில் ஓடுவதைக் காட்டினால் அது கணக்கில் வராது. கோடும் படங்களும் தனியாகக் கைக்கு வந்த பிறகுதான் காசு. ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். முதலில் கணக்கின் நகலில் ஓட்டுங்கள், நிஜக் கணக்கில் வேண்டாம். பிழைப்பெட்டி வந்தால் ஓகே அமுக்காமல் விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

இன்றைய பில் 162 இன்னும் அடிக்காமல் கிடக்கிறது. அடிக்கப் போகிறேன்.