பைருவெட்டா, சக்கரா? சுத்து சரியா வர எதுல ஆரம்பிக்கலாம்

தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்ல சின்ன வயசுலேர்ந்து பரதம் ஆடினவ நான், அப்புறம் டர்பன்ல பாலே கிளாஸும் போனேன், இப்ப கதக் கத்துக்கறேன், பாலேல சுத்தறதுக்குப் பேரு பைருவெட், கதக்ல சக்கர், ரெண்டும் சுத்தறதுதான்னாலும் பாதத்துலேர்ந்தே வித்தியாசம் ஆரம்பிச்சுடுது.

பைருவெட்ல முதல்ல ப்ளியே, முட்டிய மடக்கி தரைய அழுத்தி, அப்படியே குதிகாலத் தூக்கி முன்பாதத்து மேல நிக்கணும், இன்னொரு கால் முட்டிகிட்ட ஒட்டியிருக்கும். பரதக்காரங்களுக்கு இங்கதான் கஷ்டம், அரைமண்டில, அதாவது முட்டி மடக்கி பாதி உக்காந்த நிலைல பழகின உடம்பு மேல எழும்ப மாட்டேங்குது. கதக் சக்கர்ல குதிகால்தான் அச்சு, வெறுங்கால், கால் நிறைய சலங்கை. டிசம்பர் புழுக்கத்துல வேர்த்தா பாதம் தரையில ஒட்டிக்கும், துணியால நல்லா துடைச்சுட்டுதான் நான் ஆரம்பிப்பேன்.

கண்ணு விஷயம் ரெண்டுக்கும் ஒண்ணுதாங்க. செவுத்துல ஒரு புள்ளிய விடாம பாத்துட்டே இருந்து, உடம்பு திரும்பின பிறகு கடைசியா தலைய வெடுக்குனு திருப்பி அதே புள்ளிக்கு வந்துடணும். எனக்கு மாசக்கணக்கா தலை சுத்தினதுக்குக் காரணம் தலையும் தோளும் சேந்தே போனதுதான், யாரும் அத சொல்லித் தரல.

தாளத்துல சக்கர் ரொம்ப கண்டிப்பு, தீன்தால்ங்கற தாளம்னா 16 மாத்திரை, அதாவது 16 எண்ணிக்கை, கடைசி சுத்து கரெக்டா சமத்துல, அதாவது தாளத்தோட முதல் மாத்திரைல விழணும்.

என்னைக் கேட்டா முதல்ல சக்கர், மெதுவா மூணு மூணா. நம்ம பரதத்துல ஒத்தக் கால்ல சுத்தற ஏகபாத பிரமரி ஆடறவங்க மட்டும் பைருவெட்ட விடாதீங்க, ஒத்தக் கால்ல நிக்கற தெம்பு அதுலதான் வருது.