தஞ்சாவூர் அரண்மனை: பெரிய கோயில் பாத்த கையோட பஸ் ஏறிடாதீங்க

தஞ்சாவூர் போனா பெரிய கோயில், வெயில் ஏறுனதும் ஒரு ஜூஸு, தலையாட்டி பொம்மை ஒன்னு, அப்பறம் பஸ் ஸ்டாண்டு. எங்க வீட்லயும் இத்தன வருஷமா அதான் ரூட்டு. மன்னார்குடிலேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேலதான் ஆகும், நெனச்சா போற தூரம், ஆனா அரண்மனைக்கு போலாம்னு யாராச்சும் வாயத் தொறந்தா "அங்க என்னப்பா இருக்கு, வவ்வாலுதான் தொங்கும்"னு ஒரு பெரியம்மா சொல்லிடுவாங்க, பேச்சு அதோட முடிஞ்சிரும். போன மாசம் என் பொண்ணுக்கு (ஆறாவது படிக்கிறா) லீவு, மாமனாரும் பொறையார்லேர்ந்து வந்திருந்தாரு, சரின்னு மூணு பேருமா கெளம்பிட்டோம். காலைல பத்து மணிக்கு உள்ள போனவங்க சாயங்காலம் அஞ்சு மணிக்குதான் வெளிய வந்தோம். நடுவுல சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு பிரேக்கு.

மொதல்ல ஒன்னு சொல்லிடறேன். இது ஜெய்ப்பூர் மைசூர் மாதிரி பளபளன்னு இருக்குற அரண்மனைன்னு நெனச்சு போனீங்கன்னா ஏமாந்துருவீங்க. நாயக்கர் காலத்துல ஆரம்பிச்சு, 1676 வாக்குல மராட்டியர் வந்தப்பறம் அவங்க பங்குக்கு கட்டி, அங்க ஒரு மண்டபம் இங்க ஒரு மாடின்னு தோணுன பக்கமெல்லாம் வளந்துகிட்டே போன எடம். ஒரே பில்டிங்கா நெனச்சு சுத்துனா வழி தப்பிரும். டிக்கெட்டும் ஒவ்வொரு எடத்துக்கும் தனித்தனியா எடுக்கணும், சில்லற வச்சுக்கங்க. சரஸ்வதி மஹாலுக்கு புதன்கிழமை லீவு, அதப் பாத்துட்டு நாள வைங்க, ஏன்னா அது இல்லாம இந்த ட்ரிப்புக்கு அர்த்தமே இல்ல.

அங்கேர்ந்தே ஆரம்பிக்கிறேன். சரஸ்வதி மஹால்னா நூலகம், நாயக்கர் காலத்துலேயே ஆரம்பிச்சது, 1918-லேர்ந்து பொது நூலகம். நூலகத்துக்குள்ள நாம பாட்டுக்கு போயி சுவடிய எடுத்து பொரட்ட முடியாது, அது ஆராய்ச்சி பண்றவங்களுக்கு. நமக்குன்னு ஒட்டுன மாதிரி ஒரு சின்ன மியூசியம் இருக்கு. சின்னதுன்னா நெசமாவே சின்னது, வேகமா நடந்தா பத்து நிமிஷத்துல வெளிய வந்துரலாம், நெறைய பேரு அப்படித்தான் வந்துட்டு "ஓலைச்சுவடி கொஞ்சம் இருக்கு"ன்னு சொல்லிட்டு போறாங்க. எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆச்சு. காரணம் மனுஷ மூஞ்சிங்க.

சார்லஸ் லெ புருன்னு ஒரு பிரெஞ்சு ஓவியர், பதினேழாம் நூற்றாண்டு ஆளு. மனுஷன் மொகத்துக்கும் மிருகத்தோட மொகத்துக்கும் ஜாடை இருக்குன்னு அவருக்கு ஒரு நெனப்பு, அத அப்படியே வரஞ்சு வச்சிருக்காரு. ஒரு பக்கம் ஆந்த, பக்கத்துலேயே ஆந்த மாதிரியே முழிக்கிற ஒரு மனுஷன். சிங்கம், சிங்க மூக்கோட ஒரு ஆளு. ஒட்டகம், கழுகுன்னு போய்ட்டே இருக்கு. அந்த அச்சுப்படம் எப்படியோ கடல் தாண்டி தஞ்சாவூர் வந்து சேந்து இன்னைக்கும் செவுத்துல தொங்குது. என் பொண்ணு ஒன்னொன்னா நின்னு எங்க சொந்தக்காரங்களுக்கு பங்கு பிரிக்க ஆரம்பிச்சிட்டா, இது சின்ன அத்த, இது எதுத்த வீட்டு மாமான்னு. எனக்கு என்ன மிருகம் கெடச்சுதுன்னு இங்க எழுத மாட்டேன். மாமனாரு மட்டும் ரொம்ப சீரியஸா, "மாப்ள, இத வாங்கிட்டு வந்தவரு சபைல இருக்குறவங்கள இப்படித்தான் பாத்திருப்பாரோ"ன்னாரு.

வாங்கி சேத்தவரு ரெண்டாம் சரபோஜி, தஞ்சாவூர் மராட்டிய ராஜா. இவரு கதை தெரிஞ்சா இந்த மியூசியம் வேற மாதிரி தெரியும், அதனால கொஞ்சம் சொல்றேன். தத்துப் புள்ள, ஷ்வார்ட்ஸ்னு ஒரு ஜெர்மன் பாதிரியார் கிட்ட வளந்து படிச்சாரு, 1798-ல பட்டம் ஏறுனாரு. அடுத்த வருஷமே 1799-ல ஒப்பந்தம், ராஜ்ஜியம் மொத்தமும் வெள்ளக்காரனோட கிழக்கிந்திய கம்பெனி கைக்கு போயிடுச்சு, இவருக்கு கோட்டையும் வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஒரு தொகையும்தான் மிச்சம். அப்ப வயசு இருவத்திரெண்டு. வரி வசூல் கெடையாது, சண்ட கெடையாது, காலைல எந்திரிச்சா ராஜாவுக்கு பாக்க ஒரு வேலையும் இல்ல. நம்ம ஊர்ல நெலத்த குத்தகைக்கு விட்டுட்டு திண்ணைல உக்காந்துட்ட மிராசுதாருங்கள பாத்திருக்கோம்ல, சீட்டாட்டத்துல மீதியும் போயிரும். இவரு புஸ்தகம் வாங்குனாரு. சமஸ்கிருதம், தமிழ், மராத்தி, தெலுங்கு சுவடி ஒரு பக்கம், ஐரோப்பாலேர்ந்து அச்சு புஸ்தகம், மருத்துவம், செடி கொடி, பறவ, படம்னு இன்னொரு பக்கம். காசி யாத்திரை போனப்பகூட சுவடி சேத்துகிட்டு வந்தாரு. 1832-ல செத்துப் போற வரைக்கும் இதேதான். வெள்ளக்காரன் நெப்போலியன ஜெயிச்சதுக்கு மல்லிப்பட்டினம் கடலோரத்துல மனோரான்னு ஒரு கோபுரம் கட்டி வச்சிருக்காரே, அதும் இவருதான், ஆனா அது எனக்கு அவ்வளவா புடிக்காது. ராஜ்ஜியத்த வாங்கிட்டவன் ஜெயிச்சதுக்கு நாம எதுக்கு கோபுரம் கட்டணும்னு ஒரு கடுப்பு.

கண் வைத்தியம் இவரு பண்ணுனதுல எனக்கு ரொம்ப புடிச்சது. அரண்மனைல கண் நோயாளிங்களுக்கு சிகிச்ச நடந்திருக்கு, அத கேஸ் ஷீட் மாதிரி எழுதி வச்சிருக்காங்க, நாப்பது பேருக்கு மேல, கண்ண மட்டும் படமா வரஞ்சு வச்சு. எரநூறு வருஷம் முன்னாடி நம்ம டெல்டால ஒருத்தர் கண்ணு எப்படி செவந்து இருந்துச்சுன்னு இன்னைக்கு ஒரு டாக்டர் அந்தப் படத்த பாத்து சொல்லலாம். மாமனாருக்கு ரெண்டு கண்ணும் காட்ராக்ட் ஆபரேஷன் ஆனது, இத நான் சொன்னதும் கண்ணாடிய கழட்டி தொடச்சுட்டு திரும்ப மாட்டிகிட்டாரு.

சீனால குத்தவாளிங்களுக்கு குடுக்குற தண்டனைய காட்டுற படமும் அங்க இருக்கு, சின்ன பசங்கள கூட்டிட்டு போனா அத வேகமா தாண்டிருங்க. தர்பார் மண்டபம் வண்ணமா இருக்கும், அங்க போட்டோ எடுக்குற கூட்டம்தான் அதிகம், நாங்க பாத்துட்டு நகந்துட்டோம்.

மதியம் சாப்பாட்டுக்கு வெளிய வந்து ஒரு ஹோட்டல்ல மீல்ஸ். பேரு வேண்டாம். சாம்பாருக்கு தாய்வீடே தஞ்சாவூர் மராட்டிய அரண்மனதான்னு ஒரு கதை சொல்லுவாங்கல்ல, அந்தக் கதைய கேட்டா அந்த ஹோட்டல்காரரு வெக்கப்படணும், ஆறிப்போயி புளி மட்டும் தனியா நிக்குது. ரசம் தேவல. முடிஞ்சா கட்டுச்சோறு எடுத்துட்டு போயிடுங்க, எங்க அம்மா சொன்னத கேட்டிருக்கணும்.

மதியத்துக்கு மேல அரண்மனைக்குள்ளயே இருக்குற கலைக்கூடம். 1951-ல ஆரம்பிச்சது. கல்லு செலையும் செப்புத் திருமேனியும். தாராசுரத்துலேர்ந்து கொண்டாந்து வச்ச யானைய உரிச்ச சிவன் இருக்காரு, ஒடம்ப அந்த திருகு திருகி ஒருத்தன் கருங்கல்ல எப்படி செதுக்குனான்னு பாத்துகிட்டே நிக்கலாம். மண்டபத்துல நம்ம சரபோஜியும் வெள்ளப் பளிங்குல கை கூப்பிகிட்டு நிக்கிறாரு, ஃப்ளாக்ஸ்மன்னு இங்கிலாந்து சிற்பி செஞ்சது, தலைல முக்கோண தொப்பி. காலைல அவரு சேத்தத பாத்துட்டு மதியம் ஆளையே பாத்தது நல்லா இருந்துச்சு, பொண்ணு கூட "இவருதானா அந்த ஆந்த படம் வாங்குனவரு"ன்னு கேட்டா.

ஆனா இந்த கலைக்கூடத்துக்கு நீங்க ஒரே ஒரு செலைக்காக போகணும்னா அது திருவெண்காட்டு ரிஷபவாகனர். 1011-ல செஞ்சது, ராஜராஜன் காலம், வருஷத்த திருவெண்காடு கோயில் கல்வெட்டே சொல்லுது. அடுத்த வருஷம் 1012-ல அம்மனையும் செஞ்சிருக்காங்க. மண்ணுக்குள்ள பொதஞ்சு கெடந்து 1950கள்ல வெளிய வந்தது. ரிஷபவாகனர்னா ரிஷபம் வேணும்ல? இல்ல. மாடு காணாம போயிடுச்சு, கெடைக்கவே இல்ல. மாட்டு மேல சாய்ச்ச கை அப்படியே காத்துல சாஞ்சு நிக்குது. ஆயுதம் கெடையாது, நாலு கை கெடையாது, கால ஒன்னு மேல ஒன்னு மாத்தி போட்டுகிட்டு, ஜடைய பாம்போட சேத்து முண்டாசு மாதிரி சுத்திகிட்டு, சாயங்காலம் மாட்ட ஓட்டிட்டு வந்த எளவட்டம் ஒருத்தன் வாய்க்கா மதகுல நின்னு யாருக்கோ காத்திருக்க மாதிரி. சாமின்னு கும்புடறதுக்கு முன்னாடி இவன எங்கயோ பாத்திருக்கோமேன்னு தோணிடும். நான் கொஞ்ச நேரம் எதுவும் பேசல. மாமனாரு கால் வலிக்குதுன்னு ஓரமா உக்காந்தவரு அங்கேர்ந்தே "மாடு இல்லாதது கூட நல்லாத்தான் இருக்கு மாப்ள"ன்னாரு. நெசந்தான். மாடு இருந்திருந்தா நாம மாட்ட பாத்துருப்போம், அந்த கைய பாத்திருக்க மாட்டோம்.

கடைசியா திமிங்கலம். ஆமா, அரண்மனைல திமிங்கலம். கலைக்கூடத்த ஒட்டுன பக்கம் மேல ஏறுனா முழு எலும்புக்கூட்ட நீட்டி வச்சிருக்காங்க, சோழர் செலைக்கும் நாயக்கர் மாடிக்கும் சம்பந்தமே இல்லாம. படிக்கட்டு குறுகல், கொஞ்சம் செங்குத்து, முட்டி வலி இருக்குறவங்க யோசிங்க. மாமனாருக்கு 77 வயசு, கீழயே இருங்க மாமான்னு சொன்னேன், கேக்கல, பேத்தி தோளப் புடிச்சுகிட்டு ஏறிட்டாரு. அங்க போட்டிருக்குறத பொண்ணு சத்தமா படிச்சா, 1955, தரங்கம்பாடி கடக்கரைல ஒதுங்குனதுன்னு. அவ்வளவுதான், மனுஷன் அப்படியே நின்னுட்டாரு. பொறையாருக்கும் தரங்கம்பாடிக்கும் கூப்புடு தூரம், அப்ப அவருக்கு ஏழு வயசு இருக்கும், அவங்க அப்பாவோட சைக்கிள் பார்ல உக்காந்து இத பாக்க போயிருக்காரு. ஊரே தெரண்டு வந்துச்சாம், சுண்டல்காரன் கூட வந்துட்டானாம், பக்கத்துல போக முடியாம எல்லாரும் துண்ட மூக்குல கட்டிகிட்டு நின்னாங்களாம். அப்பறம் அது என்ன ஆச்சுன்னு அவருக்கு தெரியவே இல்ல, மண்ணுல பொதச்சிருப்பாங்கன்னே இத்தன வருஷமா நெனச்சிருக்காரு.

விலா எலும்ப கொஞ்ச நேரம் பாத்துகிட்டே இருந்தாரு. "எல்லாம் சரியாத்தான் வச்சிருக்கான் மாப்ள, அந்த நாத்தம் ஒன்னுதான் கொறையுது"ன்னாரு.

ரேட்டிங் போடணும்னா அஞ்சுக்கு நாலரை. அர மார்க்கு கொறச்சது வெயிலுக்கு, முற்றத்த கடந்து ஒவ்வொரு பக்கமா போறதுக்குள்ள தல காஞ்சிரும், தொப்பி தண்ணி ரெண்டும் எடுத்துக்கங்க. பெரிய கோயில்லேர்ந்து ரெண்டு கிலோமீட்டர் கூட இருக்காது, ஆட்டோ ஏறுறதுக்கு முன்னாடி ரேட்டு பேசிருங்க, நாங்க பேசாம ஏறி தண்டம் கட்டுனோம். திரும்பி வர்றப்ப பஸ்ல பொண்ணு தூங்கிட்டா, மாமனாரு தூங்கல, மன்னார்குடி வர்ற வரைக்கும் தரங்கம்பாடி கதைதான், அடுத்த ஞாயித்துக்கெழம அங்க கோட்டைக்கு போறதா முடிவாயிருக்கு.