சிந்துபூந்துறை வீட்டுக் காருக்கு இன்சூரன்ஸ்

"ஆத்துல தண்ணி ஏறுறது ஆயுசுக்கு ஒருக்கத்தான் தம்பி, அதுக்குப் போயி வருசா வருசம் காசு கட்டுவாங்களா?" என்று அந்த ஏஜென்ட் அண்ணாச்சி கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. கேட்ட இடம் திருநெல்வேலி சிந்துபூந்துறையில் எங்கள் வீட்டுத் திண்ணை. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஏறி வந்து நின்ற அதே திண்ணை. அப்பா நிதானமாகத்தான் பதில் சொன்னார்: "92-லயும் வந்துச்சு, 23-லயும் வந்துச்சு. எனக்கு ஒரே ஆயுசுதான அண்ணாச்சி."

விஷயம் இதுதான். அப்பாவின் கார் 2021-ல் வாங்கிய ஸ்விஃப்ட். பாலிசி முடியப் போகிறது. பழைய கம்பெனி அனுப்பிய நோட்டீஸில் 14,600 ரூபாய். பென்ஷன்காரருக்கு அது பெரிய தொகை. அண்ணாச்சி 7,100-க்கு முடித்துத் தருவதாகச் சொன்னார். பாதி விலை! யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் எங்கே குறைத்தார் என்று வரி வரியாகப் பார்த்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.

நம் வண்டியால் மற்றவர்களுக்கு வரும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் யாரும் கை வைக்க முடியாது. அது அரசு நிர்ணயித்தது. 1000 முதல் 1500 சிசி வரையுள்ள காருக்கு 2022 ஜூன் முதல் 3,416 ரூபாய், எந்தக் கம்பெனியில் போட்டாலும் அதேதான். அப்படியானால் குறைவதெல்லாம் நம் வண்டிக்கான பகுதியில்தான். ஐடிவியை, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பை, மூன்றரை லட்சமாக இருக்க வேண்டியதை 2.6 லட்சமாக்கியிருந்தார். வண்டி மொத்தமாகப் போனால் அதற்கு மேல் ஒரு பைசா வராது. பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் க்ளெய்ம் தரும் பம்பர் டு பம்பர் இல்லை. எஞ்சின் கவரும் இல்லை.

எஞ்சின் கவர் இல்லாமல் சிந்துபூந்துறையில் கார் வைத்திருப்பது எனக்குச் சரியாகவே படவில்லை. 2023 வெள்ளத்தன்று எங்கள் கார் ஒரு கல்யாணத்துக்காகத் தென்காசி போயிருந்ததால் தப்பியது. அடுத்த வீட்டு மாமா கார் தப்பவில்லை. தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டு யாரோ சாவியைத் திருப்பிவிட்டார்கள். உள்ளே போயிருந்த தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. சீட்டு, வயரிங் எல்லாவற்றுக்கும் க்ளெய்ம் கிடைத்தது. எஞ்சினுக்கு மட்டும் கைவிரித்துவிட்டார்கள். வெள்ளம் செய்த சேதம் வேறு, வெள்ளத்துக்கு அப்புறம் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வேறு என்பது அவர்கள் கணக்கு. சாதாரண பாலிசியில் அது வராது. அதற்கென்று எஞ்சின் கவரைத் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

நான் இருப்பது ஷார்ஜாவில். 2024 ஏப்ரலில் அங்கே பெய்த மழையில் தெருத்தெருவாகக் கார்கள் மிதந்ததைக் கண்ணால் பார்த்தவன். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்த நண்பர்கள் சொந்தக் காசில் வண்டியைத் தூக்கிப் போனார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அந்த ஊரை மெச்சத்தான் வேண்டும். வருடா வருடம் முல்கியா என்கிற வண்டிப் பதிவு அட்டையைப் புதுப்பிக்கணும், இன்சூரன்ஸ் இல்லாமல் அது நடக்காது. மறக்க வழியே இல்லை. நம்மூரில் ஒரு தடவை பதிவு செய்தால் 15 வருடம் யாரும் கேட்பதில்லை. பாலிசி சத்தமில்லாமல் செத்துப் போகும். 90 நாள் தாண்டினால், க்ளெய்ம் செய்யாத வருடங்களுக்காகச் சேர்த்து வைத்த தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் போய்விடும். அப்பாவுக்கு நாலு வருடத்தில் சேர்ந்தது 45 சதவீதம். அதை இழப்பது எவ்வளவு வயிற்றெரிச்சல்!

முன்பெல்லாம் இந்தக் கவலையே கிடையாது. பாலிசி முடியும் முன்பே எம்80 வண்டியில் ஏஜென்ட் ஒருத்தர் வருவார், டைரியும் காலண்டரும் தருவார், காப்பி குடிப்பார், செக்கை வாங்கிப் போவார். அவர் இருந்தவரை அப்பா ஒரு தேதியும் ஞாபகம் வைத்ததில்லை. இப்போது ஆன்லைனில் நம்பரைக் கொடுத்தால் ராத்திரி வரை போன் ஓய்வதில்லை.

சரி, நேரிலேயே போவோம் என்று பாளையங்கோட்டையில் வேறொரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளைக்கு அப்பாவைக் கூட்டிப் போனேன். மதியச் சாப்பாட்டு நேரம். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். கவுன்டரில் இருந்த பெண், "உக்காருங்க ஐயா, வண்டி எங்க நிப்பாட்டுவீங்க?" என்று கேட்டார். ஷார்ஜாவில் இத்தனை வருடத்தில் என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. சிந்துபூந்துறை என்றதும், "அப்ப எஞ்சின் கவர எடுக்க விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கணக்கே போட ஆரம்பித்தார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

அவர் வெட்டியது வேறு இடங்களில். சாவி தொலைந்தால், டயர் வெடித்தால், பெட்டி காணாமல் போனால் என்று பழைய கம்பெனி நுழைத்திருந்ததெல்லாம் போச்சு. சின்னக் கீறல்களை அப்பா எப்படியும் சொந்தக் காசில்தான் சரிபார்ப்பார். அதனால் க்ளெய்மில் முதல் 2,500 ரூபாயை நாமே ஏற்பதாக எழுதிக் கொடுத்ததில் கொஞ்சம் குறைந்தது. 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு அப்பாவின் ஸ்கூட்டர் பாலிசியிலேயே இருக்கிறது, காருக்கு இன்னொரு முறை கட்ட வேண்டாம் என்றார். 2019-லிருந்தே அந்த வசதி உண்டாம். வீட்டுக்கு வந்த எந்த ஏஜென்டும் வாய் திறந்து சொன்னதில்லை.

ஐடிவி மூன்றரை லட்சம், பம்பர் டு பம்பர், எஞ்சின் கவர், 45 சதவீத போனஸ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 10,700. அண்ணாச்சி சொன்னதைவிட 3,600 கூடுதல்தான். மாமா எஞ்சினுக்குக் கட்டிய பில்லைப் பார்த்தவர்கள் அதைக் கூடுதல் என்று சொல்ல மாட்டார்கள்.

கிளம்பும்போது அந்தப் பெண் அப்பாவிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்: தண்ணீர் ஏறினால் சாவியைத் தொடாதீங்க, போட்டோ எடுங்க, எங்களுக்குச் சொல்லுங்க, வண்டியைக் கட்டி இழுத்துத்தான் கொண்டு போகணும். கவர் இருக்கிறதே என்று ஸ்டார்ட் செய்து பார்த்தால் அதையே காரணம் காட்டி இழுத்தடிப்பார்களாம்.

இன்னொன்றும் சொன்னார். ஸ்கூட்டர் பாலிசி நவம்பரில் முடிகிறது. அதைப் புதுப்பிக்காமல் விட்டால் அப்பாவுக்கு விபத்துக் காப்பீடே இருக்காது. அந்த மாதம் நான் இங்கே இருக்க மாட்டேன், தம்பியின் போனில் தேதியைப் போட்டு வைத்திருக்கிறேன்.