பைலட் சூட் தேர்வு: எட்டு வருட பேஸ் ஜம்பிங் அனுபவம்

பாலம், பாறை மாதிரி உயரமான இடங்களிலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் பேஸ் ஜம்பிங்குக்கு வந்த புதிதில் என் கவனமெல்லாம் கேனபி, அதாவது நம்மைத் தாங்கும் பெரிய பாராசூட், மேல்தான். எட்டு வருடம் கழித்து, குதிப்பதற்கு முன் நான் அதிகம் யோசிப்பது அந்தக் கேனபியை வெளியே இழுக்கிற சின்னத் துணியை, அதாவது பைலட் சூட் (pilot chute) என்ற குட்டிப் பாராசூட்டைப் பற்றி. விமானத்திலிருந்து குதிப்பவருக்கு ரிசர்வ், அதாவது அவசரத்துக்கு இரண்டாவது பாராசூட், உண்டு. நமக்கு இருப்பது ஒரே கேனபி.

முதலில் 42 அங்குல விட்டமுள்ள பைலட் சூட் ஒன்று மட்டும் வாங்கினேன். நடுத்தர அளவு, எல்லா இடத்துக்கும் சரியாக வரும் என்று நினைத்தேன். ஐடஹோவின் பெரைன் பாலம் 148 மீட்டர் உயரம். அங்கே இரண்டு நொடி விழுந்து திறந்தபோதெல்லாம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் அதைவிடத் தாழ்வான ஓர் இடத்தில், சூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு குதித்து உடனே வீசினேன். சூட்டையும் கேனபியையும் இணைக்கும் பட்டையான பிரைடில் நீண்டது, ஆனால் முதுகில் அந்த இழுப்பு வரவில்லை. ஒருவழியாகக் கேனபி விரிந்தபோது திசைதிருப்பும் கயிறுகளான பிரேக்கை விடுவிக்கக்கூட நேரமில்லாமல் தரைக்கு வந்துவிட்டேன். தப்பு என் தேர்வில்தான்.

காரணம் எளிது. ஒரு நொடி விழுந்தால் வேகம் நொடிக்குப் பத்து மீட்டர்கூட வராது. மூன்று நொடியில் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இழுவிசையோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதனால் சீக்கிரம் திறக்க வேண்டிய இடத்தில் துணியின் பரப்பைக் கூட்டித்தான் ஈடுகட்ட முடியும். 48 அங்குலத்தின் பரப்பு 36 அங்குலத்தைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு. இப்போது ஒரு நொடிக்குள் திறப்பதற்கு 48, இரண்டு நொடிக்கு 42, நான்கு நொடியைத் தாண்டினால் 36 என்று மூன்று வைத்திருக்கிறேன்.

பெரியது எப்போதும் பாதுகாப்பு என்று மட்டும் நினைக்காதீர்கள். நல்ல வேகத்தில் பெரிய சூட், கேனபியின் நடு செல்லை (நடுவிலுள்ள துணி அறையை) மட்டும் முன்னால் பிடுங்கிக்கொண்டு போகும், கயிறுகள் மடிப்பிலிருந்து மொத்தமாகக் கொட்டும், திறப்பு உடம்பையே உலுக்கிவிடும்.

உச்சியில் துவாரம் உள்ளதையே வாங்குங்கள். துவாரமில்லாதது ஊசல் மாதிரி ஆடும். அந்த ஆட்டம் கேனபியைத் திசைமாற்றித் திறக்க வைக்கலாம். குதித்தது பாறையிலிருந்து என்றால் எதிரே சுவர்தான்.

துணியில், காற்றே புகாத ஜீரோ போராசிட்டிக்கே என் ஓட்டு. மடிக்கும்போது வழுக்கும், உண்மைதான். ஆனால் எஃப்-111 என்ற, காற்று கொஞ்சம் புகும் நைலானில் தைத்த என் பழைய சூட்டின் துணியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் காற்று நன்றாகவே பட்டது. அன்றே அதைக் கழற்றி, மடிப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டேன்.

சூட்டின் அடிப்பக்க வலையும் மேல் துணியும் சேரும் தையலை ஒவ்வொரு முறையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். போன வருடம் இரண்டு அங்குல நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. கண்ணுக்குப் படவில்லை, விரலுக்குத்தான் பட்டது.