எந்த ஜன்னலில் இருக்கிறேன் என்று சொல்லும் ப்ராம்ப்ட்: ஐபைதான் பற்றி

நாள் முழுக்க மூன்று டெர்மினல் ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கிற ஆள் நான். ஒன்றில் என் லேப்டாப், ஒன்றில் டெஸ்ட் டேட்டாபேஸ், இன்னொன்றில் நிஜப் பயனர்களின் டேட்டா இருக்கும் லைவ். மூன்றிலும் பைதான் நிரல்மொழியைத் திறந்தால் மூன்றிலும் அதே >>> தான். எது எந்த ஜன்னல் என்று அந்த மூன்று குறி சொல்லாது. கட்டளைக்குக் காத்திருக்கும் அந்தக் குறியை, அதாவது ப்ராம்ப்டை, மாற்ற வேண்டும் என்று நான் கிளம்பியது இந்த ஒரே காரணத்துக்காகத்தான். எமோஜி ஒட்டி, வானவில் கலர் பூசி அழகு பார்க்கிறவர்களுக்கு இந்த விமர்சனத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஐபைதானுக்கு (பைதானைக் கூடுதல் வசதிகளோடு ஓட்டும் தனி ப்ரோகிராம்) போவதற்கு முன், சும்மா வருகிற பைதானே எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்த்துவிடுவதுதான் நியாயம். பைதானோடு வரும் சிஸ் (sys) மாட்யூலில் பிஎஸ்1 (ps1), பிஎஸ்2 (ps2) என்று இரண்டு வேரியபிள்கள் உண்டு. முதலாவதுதான் அந்த >>>. இரண்டாவது, தொடர்ச்சி வரிகளில் வரும் மூன்று புள்ளி. எந்த ஸ்ட்ரிங்கைக் கொடுத்தாலும் அதை அப்படியே காட்டும். ஸ்ட்ரிங் இல்லாத ஒரு ஆப்ஜெக்டைக் கொடுத்தால்தான் வேடிக்கை: அடுத்த கட்டளைக்குத் தயாராகும் ஒவ்வொரு முறையும் பைதான் அந்த ஆப்ஜெக்டை ஸ்ட்ரிங்காக மாற்றச் சொல்லிக் கேட்கும். ஆக, இருபுறமும் இரட்டை அடிக்கோடு போட்ட எஸ்டிஆர் (__str__) மெத்தட் ஒன்றை மட்டும் வைத்து ஒரு சின்ன கிளாஸ் எழுதி, அதன் ஆப்ஜெக்டை பிஎஸ்1-க்குக் கொடுத்தால் போதும். அதற்குள் சர்வர் பெயர், மணி, இருக்கும் டைரக்டரி என்று எதை வேண்டுமானாலும் திருப்பி அனுப்பலாம். இதை எழுதிய ஃபைலின் பாதையை பைதான்ஸ்டார்ட்அப் (PYTHONSTARTUP) என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் (ப்ரோகிராம்களுக்காக சிஸ்டம் வைத்திருக்கும் அமைப்பு) போட்டுவிட்டால், ஒவ்வொரு முறை ப்ராம்ப்ட் திறக்கும்போதும் தானாக ஓடும்.

ஒரு ஓட்டை உண்டு. ஒரு ஸ்கிரிப்டை -i என்ற ஆப்ஷன் போட்டு ஓட்டி, அது முடிந்த பிறகு ப்ராம்ப்டுக்கு வந்தால் அந்த ஃபைல் படிக்கப்படுவதில்லை. பழைய >>> தான் வரவேற்கும். லைவ் ஜன்னலில் நான் பெரும்பாலும் அப்படித்தான் உள்ளே போவேன் என்பதால் எனக்கு இது பெரிய குறை.

கலரிலும் ஒரு சிக்கல். ரீட்லைன் என்ற, வரியை அடித்துத் திருத்த உதவும் லைப்ரரியை நம்பி ஓடும் பைதானில், நிறத்தை மாற்றும் கலர் கோடுகளை (color code) வெறுமனே ப்ராம்ப்டில் போட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்துகளையும் சேர்த்து அது நீளம் கணக்குப் போட்டுவிடும். நீளமான வரி அடிக்கும்போது கர்சர் தப்பான இடத்துக்குப் போய், அடித்ததன் மேலேயே அடிக்கும். ஒவ்வொரு கலர் கோடுக்கும் முன்னால் \001, பின்னால் \002 வைத்தால் சரியாகிவிடும். 2024 அக்டோபரில் வந்த பைதான் 3.13 இந்த ப்ராம்ப்டையே புதிதாக மாற்றியது. பைபை (PyPy) என்ற இன்னொரு பைதான் திட்டத்தின் கோடிலிருந்து (code) எடுத்த புது ஆர்இபிஎல் (REPL, கட்டளை அடித்து உடனே விடை பார்க்கும் இடம்): ஒரு முழு ஃபங்ஷனை மேல் அம்பு அழுத்தி ஒரேயடியாகத் திருப்பி எடுக்கலாம், ப்ராம்ப்டுக்குக் கலரும் கூடவே வருகிறது, எக்ஸிட் என்று அடைப்புக்குறி இல்லாமல் அடித்தாலே வெளியேறுகிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் விஐ (vi) எடிட்டரின் கீபோர்டு முறையான விஐ மோட் பழக்கப்பட்ட விரல்களுக்கு அங்கே இடம் இல்லை.

இனி ஐபைதான். இதுவே ஒரு ஸ்டார்ட்அப் ஃபைலாகப் பிறந்ததுதான். 2001-இல், கொலராடோவில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஃபெர்னாண்டோ பெரெஸ், மேத்தமேட்டிகா என்ற கணித மென்பொருளில் வருவது போல எண் போட்ட இன் (In), அவுட் (Out) ப்ராம்ப்ட் பைதானிலும் வேண்டும் என்று எழுதியது. முதல் பதிப்பு 259 வரிகள். இன்று ஜூப்பிட்டர் (Jupyter) நோட்புக் வரை வளர்ந்திருக்கும் ஒரு மரத்தின் விதை, ப்ராம்ப்டை மாற்றும் ஆசைதான் என்று தெரிந்தபோது என் ஆசை அவ்வளவு அற்பமில்லை என்று தோன்றியது.

ப்ரொஃபைல் கிரியேட் (ipython profile create) கட்டளை கொடுத்தால் ஒரு கான்ஃபிக் ஃபைல் வந்து விழும். பெரும்பாலான வரிகள் கமென்ட் போட்டே இருக்கும். அதைப் படிப்பதே ஒரு நல்ல பாடம். ப்ராம்ப்டுக்கு, ப்ராம்ப்ட்ஸ் என்ற கிளாஸிலிருந்து சொந்தமாக ஒன்றை எழுதி, உள்ளே வரும் வரி, தொடர்ச்சி வரி, விடை வரி என்று வேண்டிய மெத்தடை மட்டும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு மெத்தடும் ஸ்ட்ரிங்கைத் திருப்பாது. டோக்கன் (எந்தக் கலர் என்று தீர்மானிக்கும் அடையாளம்), எழுத்து என்ற ஜோடிகளின் லிஸ்டைத் திருப்பும். எழுத்தும் கலரும் தனித்தனியாக இருப்பதால் அந்த \001 பஞ்சாயத்தே இங்கே கிடையாது. என்னுடையது மொத்தமே ஒரு கையளவுதான்: என்விரான்மென்ட் வேரியபிளைப் படிக்கிறது, அதிலிருக்கும் ஜன்னல் பெயரை எண்ணுக்கு முன்னால் ஒட்டுகிறது, லைவ் என்றால் மட்டும் சிவப்பாகும் டோக்கனைக் கொடுக்கிறது. ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு உள்ளே வந்தாலும் அதே சிவப்புதான்.

எரிச்சல் எங்கே என்றால், வலையில் கிடைக்கும் பதில்களில். 2016-இல் வந்த ஐபைதான் 5.0 பதிப்பில் ரீட்லைனை விட்டுவிட்டு ப்ராம்ப்ட் டூல்கிட் என்ற வேறொரு லைப்ரரிக்கு மாறினார்கள். அதற்கு முன் ப்ராம்ப்ட்மேனேஜர் என்று ஒன்று இருந்தது. ஒரே வரி டெம்ப்ளேட்டில் வேலை முடியும். இப்போது அது இல்லை, ஆனால் பதில்கள் அப்படியே கிடக்கின்றன. அந்தப் பெயரைப் பார்த்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். ஒரு வரியில் முடிந்த வேலைக்கு இப்போது கிளாஸ் எழுத வேண்டியிருப்பது கொஞ்சம் அதிகம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

விஐ மோடை ஒரே வரியில் போட்டுக்கொள்ளலாம். எந்த மோடில் இருக்கிறோம் என்று ப்ராம்ப்டின் முன்னாலேயே காட்டும், பிடிக்காதவர்கள் நிறுத்தலாம். ஆவணங்களிலிருந்து >>> உடன் சேர்த்தே காப்பி அடித்து ஒட்டினாலும் குறிகளைத் தானே உரித்துவிட்டு ஓடும். திறக்க வெறும் பைதானைவிட நேரம் எடுக்கும், சட்டென்று ஒரு கூட்டல் போட்டுப் பார்க்க இதைத் திறக்காதீர்கள்.

பெரிய டேட்டாவோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்த அவுட் எண்கள் வெறும் அலங்காரம் இல்லை. ஒவ்வொரு விடையையும் ஐபைதான் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒரு டேட்டாஃப்ரேமின் (அட்டவணை வடிவ டேட்டா) பெயரை மட்டும் அடித்து எட்டிப் பார்த்திருந்தால், பிறகு அதை டெல் (del) போட்டு அழித்தாலும் மெமரி திரும்பாது, அவுட்டில் ஒரு பிடி இருக்கும். அவ்வப்போது ரீசெட் மேஜிக்கில் (மேஜிக் என்பது ஐபைதானின் சிறப்புக் கட்டளை) அவுட் என்று கொடுத்து, அதாவது %reset out என்று அடித்து, காலி செய்யலாம், அல்லது கான்ஃபிக்கில் கேஷ் சைஸை (cache_size) 0 ஆக்கிவிடலாம். லைவ் ஜன்னலுக்கு நான் 0 தான் வைத்திருக்கிறேன்.