அப்மென்டெக்ஸ்: தமிழ்ச் சொல்லடைவுக்கு ஒத்துவருமா?

நண்பர் ஒருவருடைய வரலாற்றுப் புத்தகத்தை லேடெக் என்கிற அச்சுக்கோப்பு மென்பொருளில் பக்கம் கட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். 300 பக்கத்துக்கு மேல், கடைசியில் சொல்லடைவும் (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பட்டியல்) வேண்டும். பக்கம் கட்டியதில் ஒரு சிக்கலும் இல்லை, சொல்லடைவில்தான் மாட்டிக்கொண்டேன். அதில் கைகொடுத்தது அப்மென்டெக்ஸ் என்கிற கருவி.

வழக்கம்போல முதலில் மேக்இண்டெக்ஸை ஓட்டினேன். 1987-லிருந்து இருக்கும் சொல்லடைவுக் கருவி, ஆங்கிலத்துக்கு இன்றைக்கும் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் தமிழ் எழுத்து அதன் கண்ணுக்கு எழுத்தே இல்லை, 'குறியீடு'. தலைப்பெழுத்து போடச் சொன்னால் மொத்தத் தமிழையும் 'சிம்பல்ஸ்' என்று ஒரே தலைப்பின் கீழ் கொட்டிவிடும். அதற்குள்ளும் வரிசை, கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் இருக்கும் யூனிகோட் எண்ணின்படிதான் வரும், அந்த எண் வரிசை நம் அரிச்சுவடி வரிசை இல்லை. யூனிகோடில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, அப்புறம் ல, ள, ழ, வ. ஆகவே அறந்தாங்கி வந்த பிறகுதான் அலங்காநல்லூர், அழகர்கோயிலுக்குப் பின்னால் அவினாசி. புள்ளி இன்னும் மோசம்: அதன் எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் மணப்பாறை, மணிமுத்தாறு எல்லாம் வந்து முடிந்த பிறகு கடைசியில் மண்டபம் வருகிறது. அகராதி பார்த்துப் பழகியவர்கள் ண்-ஐ ண-வுக்கு முன்னால்தான் தேடுவார்கள், அங்கே இல்லையென்றால் புத்தகத்திலேயே அந்தச் சொல் இல்லை என்று மூடி வைத்துவிடுவார்கள்.

இதற்கு ஒரு பழைய குறுக்குவழி உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு வரிசைச் சாவி எழுதி, @ போட்டு, அப்புறம் சொல்லை எழுத வேண்டும். வரிசைப்படுத்துவது சாவியை வைத்து, அச்சாவது சொல். இருபது சொல்லுக்குச் சரி. நானூறு சொல்லுக்கு யார் உட்கார்ந்து எழுதுவது? ஸிண்டி என்கிற இன்னொரு சொல்லடைவுக் கருவியில் விதி எழுதி இதைச் சரிசெய்ய முடியும், ஆனால் அந்த விதிக் கோப்பைத் திறந்தால் லிஸ்ப் மொழியின் அடைப்புக்குறிகளைப் பார்த்தே தலை சுற்றுகிறது.

கடைசியில் வந்து சேர்ந்தது அப்மென்டெக்ஸ். ஜப்பானியச் சொல்லடைவுக்காக எழுதிய மென்டெக்ஸின் வழியில் வந்தது, டெக் லைவ் என்கிற லேடெக் மென்பொருள் தொகுப்பிலேயே கிடைக்கிறது, தனியாகக் காசு இல்லை. வரிசைப்படுத்தும் வேலையை ஐசியு என்கிற யூனிகோட் நூலகத்திடம் விட்டுவிடுகிறது. ஸ்டைல் கோப்பில் (கருவிக்கான அமைப்புகளை எழுதும் கோப்பு) மொழியை மட்டும் குறிப்பிட்டுவிட்டு விடலாம், அல்லது வரிசை விதியை நாமே எழுதலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழிதான். ஔ-வுக்குப் பிறகு ஃ, அதற்குப் பிறகு க், க, ங், ங என்று இடையிடையே < குறி போட்டுப் பதினெட்டு மெய்யையும் அடுக்கி, ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்தையும் கடைசியில் வைத்தேன். ஒரே ஒரு நீள வரி. ஓட்டியதும் மண்டபம் தன் இடத்துக்கு வந்துவிட்டது.

நண்பருக்கு ஜமீன்தார்களைக் கடைசியில் தள்ளியது பிடிக்கவில்லை (புத்தகத்தில் பாதி அவர்கள் கதைதான்). ச-வை ஒட்டியே ஜ வரட்டும் என்றார். விதியில் ஜ-வை வெட்டி ச-வுக்குப் பக்கத்தில் ஒட்டினேன், ஒரு நிமிட வேலை. சாவி முறையில் போயிருந்தால் அன்றைக்கு எங்கள் நட்பு முறிந்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. கையேடு ரொம்பச் சுருக்கம், தமிழுக்கென்று ஒரு மாதிரிக் கோப்புகூடக் கைக்குக் கிடைக்கவில்லை, முதல் நாள் முழுக்கத் தட்டுத்தடுமாறித்தான் ஓட்டினேன். கட்டளையைத் தட்டித்தான் இதை ஓட்ட வேண்டும், கட்டளை வரியே ஆகாது என்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

அப்புறம், கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உரை சுத்தமாக இருக்க வேண்டும். எங்கள் உரையில் பாதி யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது. முதல் தடவை ஓட்டியபோது கொடுமணல் இரண்டு தடவை வந்தது, இரண்டுக்கும் வேறு வேறு பக்க எண். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒன்றில் 'கொ'வின் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி, மற்றதில் இரண்டும் தனித்தனிக் குறி. உரை முழுவதையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகுதான் அது ஒன்றானது. ஆனால் 'கௌதமர்' என்பதைக் கெ, ள என்று தட்டி வைத்திருந்ததை இந்த மாற்றமும் கண்டுபிடிக்காது, அப்மென்டெக்ஸும் கண்டுபிடிக்காது. அது 'கெ' வரிசையில் போய் உட்கார்ந்திருந்தது. மூன்றாவது மெய்ப்பில் நண்பரின் மனைவிதான் விரலை வைத்துக் காட்டினார்.