காரின் முன் சக்கரச் சத்தம்: பேரிங்கா, சிவி ஜாயின்ட்டா?

விட்டு விட்டு வரும் சத்தம் என்றால், முதலில் பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

பேரிங் (சக்கரம் உராயாமல் சுழலத் தாங்கும் பாகம்) போயிருந்தால் 'ஊம்ம்' என்று முனகும். வேகம் கூடக் கூட முனகலும் கூடும். நியூட்ரலில் உருண்டாலும் நிற்காது. காலிச் சாலையில் லேசாக இடப்பக்கம் வளையுங்கள். பாரம் வலச் சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங்தான்.

சிவி ஜாயின்ட் (எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் வளையும் மூட்டு) வேறு ரகம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் 'டக் டக் டக்'. ரிம்மின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தால், அந்த மூட்டை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருக்கிறது. சத்தம் தொடங்கும் முன்பே கவனித்தால் புது பூட்டும் கிரீஸும் போதும். தொடங்கிவிட்டால் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டும்.

ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்: ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டைப் பாருங்கள். ஆடவில்லை என்பதற்காக பேரிங் நல்லது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். காயில் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்து, மறு கையால் சக்கரத்தைச் சுழற்றுங்கள். கெட்ட பேரிங்கின் சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். அப்படித் தெரிந்தால் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.